வளைவுகளுக்கு அப்பால் ஒரு புள்ளி

என் வீட்டுக்காரர் செய்த சிப் அன்று காலை தபாலில் வந்தது. ஆள் வரவில்லை, சிப் வந்தது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். அதற்கு அவருக்கு ஐந்து வருஷம் பிடித்திருக்கிறது, அதுவும் கடல் கடந்து போய் உட்கார்ந்துகொண்டு.

அவர்கள் செய்வார்கள், நாங்கள் சோதிப்போம். இரண்டு ஆய்வகங்களுக்கும் அப்படி ஏற்பாடு. சிப்பின் மேல்பாதி முழுக்கக் கண்ணுக்கே தெரியாத முக்கோண ஓட்டைகள். கீழ்ப்பாதியிலும் அதேதான், ஆனால் தலைகீழாக. எந்தப் பாதிக்குள்ளும் ஒளி நுழையாது. இரண்டும் ஒட்டும் கோட்டில் மட்டும் ஓடும். கோடு சடாரென்று ஒடிந்து திரும்பினாலும் சிதறாமல், வந்த வழியே திரும்பாமல், கூடவே வளைந்து போய்விடும் என்பது அவர் கணக்கு. அப்படிப் போனால் அடுத்த கட்ட வேலைக்கு அவர் இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மகராசன் அவரேதான். ஒளி போகாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம். நான் அங்கே போகலாமென்றால், படுத்த படுக்கையாக இருக்கும் என் அப்பாவை யார் பார்ப்பது?

போதாக்குறைக்கு இந்த ஒளி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கேமரா பிடித்துத் திரையில் காட்டினால்தான் உண்டு. எனக்கு அவரும் அப்படித்தான். அவர் கிளம்பியபோது கைக்குழந்தையாக இருந்த மகள், "அப்பா நெஜத்துல எவ்ளோ உயரம்மா?" என்று போன வாரம் கேட்டாள். கதவு நிலையில் கையை வைத்துக் காட்டினேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மதியம் கேமராவைச் சிப்பின் வலது முனைக்கு நேராக வைத்து, நடுவில் ஒளியை இறக்கினேன். ஐந்து வளைவு தாண்டி, முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். திரை கும்மிருட்டு. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷம்தான். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணும் வரலங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"சரி விடு," என்றார். "அந்தப் பெரிய பெட்டி மேல கெடக்கு. இரு, எறக்கிப் பாக்கறேன். எல்லாம் அதுலயே அடங்கிடும்ல?"

குரலில் அப்படி ஒரு குஷி. "முதல்ல நீங்க பழைய சட்டைக்குள்ள அடங்குறீங்களான்னு பாருங்க," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரிக்கும்போதே எனக்கு உறைத்தது. ஒளி எந்தப் பக்கமாகச் சுழன்றபடி இறங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் கோட்டில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓடும். சுழற்சியை மாற்ற, ஒளி இறங்கும் வழியில் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. முந்தின நாள் வேறொரு சிப்புக்காக அதை இடப்பக்கத்துக்குத் திருப்பி வைத்தவள் நான்தான். எந்தச் சோதனையானாலும், "தகட்டத் திருப்பிப் பாத்தியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கியிருக்கிறார். இன்றைக்குக் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றிக் கேட்கிறார்.

கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மனுஷன் வந்துவிடட்டுமே, யார் குடி முழுகிவிடும்? ஐந்து வருஷ உழைப்பு குப்பைக்குப் போனதென்று நம்பிக்கொண்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். பாழாய்ப்போன மனசு, அதையும் நினைத்துத் தொலைத்தது.

தகட்டைத் திருப்பினேன்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"தகட்டத் திருப்பினேங்க."

மறுமுனையில் பெட்டியின் ஜிப் ஓசை நின்றது.

"வந்துருக்கு. அஞ்சு வளைவும் தாண்டி, பளிச்சுனு வந்துருக்கு."

வேறு யாராவது என்றால் கட்டடம் அதிரக் கத்தியிருப்பார்கள்.

"ஏன்டி திருப்புன?" என்றார்.