பாதி உருகிய கை

அண்ணனின் வலது கை பல வருடங்கள் பாதி உருகிய அலுமினியமாக இருந்தது. சூடு கிடையாது, வலியும் கிடையாது. சும்மா வைத்திருந்தால் இறுகும். பிசைந்தால் வெண்ணெய்போல இளகும்.

அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். அலுமினியக் கலவைக் கட்டியைப் பாதி உருகும்வரை சூடாக்கி அச்சின் வாயில் நிறுத்துவது அண்ணன் வேலை. அந்தப் பதத்தில் கட்டி தானாகவே நிற்கும், அழுத்தினால்தான் ஓடும். அவர் "விடு" என்றதும் தம்பி நெம்புகோலை இழுப்பான். கை அப்படி ஆன அன்று தம்பிக்கு வேறு ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. காலையெல்லாம் அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தவன், சாய்ந்த கட்டியை நிமிர்த்த அண்ணன் கையை நீட்டிய நேரத்தில் போட்டு உடைத்தான்.

"நான் அங்கயே போயிடலாம்னு இருக்கேண்ணே."

"அந்தப் பேச்சை இப்ப விடு."

இரைச்சலில் கடைசிச் சொல் மட்டும் தம்பியின் காதில் விழுந்தது. இழுத்துவிட்டான். விரலில் ஏறிய உலோகம் மாலைக்குள் தோள்வரை வந்துவிட்டது.

மருத்துவர் தட்டிப் பார்த்துவிட்டு உலோகச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். கலவை நல்ல தரம், காற்றுக்குமிழே இல்லை என்று அங்கே சொன்னார்கள். பிசைவதில்தான் சிக்கல். அண்ணி பாவம் பார்த்து மெதுவாகப் பிசைந்ததில், உருகிய பகுதி மட்டும் பிதுங்கி ஓடி, சுண்டுவிரல் நுனி சொட்டிப் போனது. வேகமாக, ஒரே சீராக அழுத்தினால்தான் எல்லாம் சேர்ந்து நகரும். அந்த வேகம் தம்பியின் கைக்குத்தான் பழகியிருந்தது. அதனால் அவன் போகவில்லை.

தினமும் காலையில் வந்து பிசைந்தான். மழையைப் பற்றிப் பேசினார்கள், அண்ணன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் தம்பி, விரலை மடக்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவனுக்குத் தலை நரைத்தது. ஒருநாள் பாதியிலேயே அண்ணன் கையை இழுத்துக்கொண்டார்.

"போதும்டா. அன்னிக்கே உன்னைப் போன்னு சொல்லியிருக்கணும். மனசு வரல. பொறாமைன்னே வச்சுக்க. இப்பவாவது கிளம்பு."

"இனிமே என்னை யாருண்ணே சேத்துப்பாங்க? மண்டையெல்லாம் வெளுத்துப்போச்சு."

"அலுமினியமும் அதே நிறம்தான். அவங்களுக்குப் பழகியிருக்கும்."

கிளம்பும் நாளில் தம்பி கடைசியாக ஒருமுறை பிசைந்து கொடுத்தான். பேருந்து கண்ணுக்கு மறையும்வரை அண்ணன் கையை உயர்த்தியபடி நின்றார். பிறகு இறக்கப் பார்த்தார், அது இறுகியிருந்தது. தம்பிக்கு அங்கே கிடைத்தது வாசல் காவல் வேலை. அச்சுப் பக்கமே அவனை விடவில்லை. வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அண்ணனின் கை கதவு நிலையில் இடித்ததால், அண்ணி தச்சரை வரவழைத்து வாசலை ஒரு முழம் உயர்த்திக்கொண்டார்.