ராடோவாவின் பெயரைக் கொண்டுபோனவன்

தனோஜனின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் கிருசாந்தி அந்த மனிதனைக் கண்டாள். நியூசிலாந்தின் பாபடோயிட்டோய் மைதானத்துக் கார் நிறுத்துமிடத்தில், மழைத்தண்ணீர் தேங்கிய குழியைத் தாண்டி, நெய்தல் உதைபந்தாட்டக் கழகத் தலைவர் சபாரத்தினத்தோடு சிரித்துப் பேசியபடி வந்துகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. வயிறு முன்னால் வந்திருந்தது. ஆனால் வலது தோளை முன்னே தள்ளி, எதிரே வருகிறவன்தான் விலகவேண்டும் என்பதுபோல் நடக்கும் நடை மாறவில்லை.

"அக்கா, கால் நோகுது. கூட இறுக்கிப்போட்டீங்கள்," என்றான் தனோஜன். அவன் முதல் அணியின் கப்டன்.

அவள் பட்டியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

சபாரத்தினம் அவனை நேராக அவளிடமே கூட்டிவந்தார். விமான நிலையத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு ஒன்பது அகதிப் பெடியன்களைச் சேர்த்து நெய்தலைத் தொடங்கியவரும் அவர்தான். இன்றைக்கு அதில் தமிழர், சமோவர், பீஜி இந்தியர் என்று எட்டு அணிகள். வார இறுதிகளில் இந்தக் கழகத்தின் பிசியோவாக வருவது கிருசாந்தி.

"பிள்ளை, இவர் மிஸ்டர் டோரின் வெலெஸ்கு. எங்களுக்குக் கிரவுண்ட் போட்டுத் தாறமெண்ட கொம்பனியின்ரை ஆள். ரூமேனியாவில பெரிய கிளப் நடத்தினவர்."

வெலெஸ்கு கையை நீட்டினான். பிசியோதான் ஒரு கழகத்தின் இதயம் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"எந்தக் கழகம் நடத்தினீர்கள்?" என்று அவளும் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஷோய்மி ராடோவா. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்."

"கேள்விப்பட்டிருக்கிறேன்."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருடங்கள் தினமும் காலையில் அவனுக்கு வணக்கம் சொன்னவள். ஒரு மனிதனின் காலை இருவருமாகச் சேர்ந்து நாசமாக்கியவர்கள். அவனுக்கு அவள் முகம்கூட ஞாபகமில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில், காரில், அவள் கணவன் பிரதாபனிடம் சொன்னாள். அவன் பக்கத்திலிருந்த விரி என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தின் சுப்பர்வைசர். கழகத்தின் செயலாளரும் அவன்தான். வெலெஸ்குவின் கொம்பனிக்கு முதல் ஈமெயில் போட்டதும் அவன்.

"உந்த ஆளைக் கிரவுண்டுக்குள்ள விடாதேங்கோ."

"ஏன், உமக்கு அவரைத் தெரியுமோ?"

அவள் ராடோவாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்திலிருந்து பிசியோதெரபி படிக்கப் போன ஊர் அது. படித்து முடித்ததும் அங்கேயே, ஷோய்மி ராடோவாவில், வேலை கிடைத்தது. ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் சேர்ந்து 1924இல் தொடங்கிய கழகம். ஷோய்மி என்றால் ராஜாளிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசு அந்தப் பெயரை வெட்டிவிட்டு வேறொன்றை வைத்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு கட்சித் தலைவர் தன் இஷ்டத்துக்கு இன்னொன்றை வைத்தார். சனம் நாற்பது வருடங்கள் மைதானத்தில் நின்று பழைய பெயரைத்தான் கத்தியது. ஆட்சி விழுந்த அடுத்த மாதமே பட்டறைக்காரர்கள் ஏணி வைத்து ஏறி, வாசலில் பழைய பெயரைத் தங்கள் கையால் எழுதினார்கள். பிறகு தரம் இறங்கினார்கள், வேறொரு கழகத்தோடு சேர்க்கப்பட்டார்கள், பிரிந்தார்கள், ஏறினார்கள். முதல் டிவிஷனுக்கு வந்தபோது வெலெஸ்கு வந்தான். புதிய புல் போட்டான், விளக்குப் போட்டான். நிர்வாக வசதிக்கு என்று சொல்லிப் பெயரையும் சின்னத்தையும் தன் கொம்பனியின் பேரில் பதிந்தான்.

"பிறகு?"

"பிறகு ஒரு கோடை விடுமுறையில அணியை நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி வேறை ஊருக்குக் கொண்டுபோட்டான். பேரோட, சின்னத்தோட, டிவிஷன் இடத்தோட. ஊர்ச்சனம் கோட்டுக்குப் போச்சுது. பேர் அவன்ரை எண்டு தீர்ப்பு. ராடோவா ஆக்கள் ராடோவா எண்டு சொல்லி விளையாட ஏலாது. விளங்குதோ உங்களுக்கு?"

பிரதாபன் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினான். "அது ரூமேனியா. இஞ்சை சட்டம் வேறை. அடுத்த வருஷம் கவுன்சில் லீஸ் முடியுது. இவங்கள் வராட்டில் எங்களுக்குக் கிரவுண்டே இல்லை. சும்மா கோவத்தில கதைக்காதையும். எழுத்தில ஏதும் இருக்கோ உம்மட்டை?"

எழுத்தில் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. வீடு வந்ததும் கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

ராடோவாக் கழகத்தில் மிஹாய் என்று ஒரு பின்வரிசை ஆட்டக்காரன் இருந்தான். இருபத்துமூன்று வயது. முழங்காலில் சவ்வு பாதி கிழிந்திருந்தது. ஆறு கிழமைக்கு விளையாடக்கூடாது என்று அவள் எழுதினாள். இரண்டாவது கிழமையில் முக்கியமான ஆட்டம் ஒன்று வந்தது. வெலெஸ்கு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, புதிய படிவம் ஒன்றை மேசையில் வைத்தான். அதில் 'விளையாடத் தகுதி' என்று ஏற்கெனவே தட்டச்சில் அடிக்கப்பட்டிருந்தது.

"உன் வதிவிட அனுமதி செப்டம்பரில் முடிகிறது, இல்லையா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவள் கையெழுத்து வைத்தாள். வலி தெரியாமலிருக்க மருத்துவர் ஊசி போட்டார். விளையாடலாமா என்று மிஹாய் அவளைக் கேட்டான். அவன் அவளைத்தான் நம்பினான். ஆம் என்றாள். அறுபத்துமூன்றாவது நிமிடத்தில் யாரும் தொடாமலே அவன் விழுந்தான். பையோடு ஓடிப்போய் அவள் அவன் அருகில் முழந்தாளிட்டபோது, அந்த மூட்டு போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் அதன்பிறகு விளையாடவில்லை. வெலெஸ்குமேல் வழக்குப் போட்டான். உன் சொந்தப் பிசியோவே தகுதி என்று கையெழுத்து வைத்திருக்கிறாரே என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அப்போது அவள் நியூசிலாந்து விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டிருந்தாள்.

வெலெஸ்குவை மைதானத்தில் கண்ட மறுநாள் காலை ஆறரைக்கு அவள் மிஹாயைப் போனில் கூப்பிட்டாள். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு. ரூமேனியாவில் அப்போது முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். ரூமேனிய மொழி அவள் வாயில் தடக்கியது.

"வெலெஸ்கு இங்கே வந்திருக்கிறான். எங்கள் கழகத்தை எடுக்கப்போகிறான். உன் முழங்காலைப் பற்றி நான் கூட்டத்தில் சொல்லலாமா?"

மறுமுனையில் கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இப்போதுதான் ஞாபகம் வந்ததா உனக்கு?"

"மிஹாய்…"

"உன் கழகத்துக்கு ஆபத்து என்றதும் என் முழங்கால் தேவைப்படுகிறது. நான் டயர்க் கடையில் வேலை செய்கிறேன். மண்டியிட்டுச் செய்யும் வேலை. ஒவ்வொரு நாளும் நான் உன்னை நினைக்கிறேன், அவனை அல்ல. அவன் திருடன் என்று எனக்கு முன்பே தெரியும். உன்னை நான் நல்லவள் என்று நினைத்தேன்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"கூட்டத்தில் சொல்," என்றான் அவன். "ஆனால் முழுக்கச் சொல். நீ கையெழுத்து வைத்ததையும் சொல். அதை விட்டுவிட்டுச் சொன்னாயானால் நீயும் அவனும் ஒன்றுதான்."

அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் விசேட பொதுக்கூட்டம். கழக அறையில் அறுபத்தாறு அங்கத்தவர்கள். ஈர ஜாக்கெட்டுகளின் மணமும் மட்டன் ரோல்ஸின் மணமும் கலந்திருந்தன. வெலெஸ்கு சுவரில் படம் படமாகக் காட்டினான். செயற்கைப் புல். நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம். பெண்பிள்ளைகளுக்குத் தனி உடைமாற்றும் அறை. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், மைதானக் குத்தகையும் கழகத்தின் பெயரும் சின்னமும் கொம்பனிக்கு மாற்றப்படும் என்றிருந்தது. நிர்வாக வசதிக்காக என்றான். அதே சொற்கள். மொழி மட்டும் வேறு.

கிருசாந்தி எழும்பினாள். பிரதாபன் செயலாளர் மேசையிலிருந்து வேண்டாமென்று தலையசைத்தான். அவள் ஆங்கிலத்தில் பேசினாள், வெலெஸ்குவுக்கும் விளங்கவேண்டும் என்று. ராடோவா எப்படித் தொடங்கியது, எத்தனை தடவை அதன் பெயரைப் பறித்தார்கள், கடைசியாகப் பறித்தவன் யார் என்று சொன்னாள். குரல் உயர்ந்துகொண்டே போனது. அவள் அதை இறக்கவில்லை. மிஹாயின் முழங்காலுக்கு வந்தபோது வெலெஸ்கு கண்ணாடியைக் கழற்றினான்.

"இப்போது ஞாபகம் வருகிறது," என்றான் அமைதியாக. "வருத்தமான சம்பவம். ஆனால் அந்த ஆட்டக்காரர் தகுதி என்று எழுத்தில் தந்தது யார்? நானா? நான் மருத்துவம் படித்தவன் அல்ல."

அறை அவள் பக்கம் திரும்பியது.

"நான்தான்," என்றாள். "என் விசாவைச் சொல்லி வெருட்டினான். நான் வைத்தேன்."

சபாரத்தினத்தின் முகம் கறுத்தது. "பிள்ளை, நீரே கையெழுத்து வைச்சுப்போட்டு இவ்வளவு காலமும் எங்கடை பெடியளின்ரை காலைப் பிடிச்சுக்கொண்டிருந்தனீரோ?"

"ஓம் அண்ணை. அது பிழைதான். அதுக்கு என்னைக் கிளப்பை விட்டுக் கலைக்கிறதெண்டால் கலையுங்கோ. ஆனா பேரை இவனிட்டைக் குடுக்காதேங்கோ. குடுத்தால் திரும்ப வராது."

அவர் மேசையில் ஓங்கித் தட்டினார். "இரும்! இரும் எண்டு சொல்லுறன்!"

அவள் உட்காரவில்லை. அப்போது பெண்கள் அணியை நடத்தும் வசந்தமலர் பின்வரிசையிலிருந்து கையை உயர்த்தினாள். "எனக்கு ஒரு கேள்வி. புல்லுப் போடுறதுக்கு எங்கடை பேர் என்னத்துக்கு?"

பிரதாபன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். வெலெஸ்கு, வியாபார அடையாளம், முதலீட்டாளர் நம்பிக்கை என்று ஏதோ சொன்னான். வசந்தமலர் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவன் நேரத்தைப் பார்த்தான். எங்கள் வழக்கறிஞர்கள் எழுத்தில் பதில் தருவார்கள் என்றான்.

வாக்கெடுத்தார்கள். பெயரைக் கைமாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று கழகத்தின் யாப்பு விதிகளில் இருந்தது. நாற்பத்துநான்கு தேவை. நாற்பத்தொன்று கிடைத்தது.

மூன்று வாக்கில் நெய்தல் தப்பியது. ஆனால் கிருசாந்திக்கு அந்த நாற்பத்தொன்றுதான் காதுக்குள் நின்றது. எல்லாவற்றையும் கேட்டபிறகும் நாற்பத்தொரு பேர் கையை உயர்த்தினார்கள். அதில் ஒரு கை தனோஜனுடையது.

கார் நிறுத்துமிடத்தில் அவன் அவளை மறித்தான். "எங்களுக்கு வந்த ஒரே சான்ஸ் அக்கா. கெடுத்துப்போட்டீங்கள்."

"உன்ரை முழங்காலுக்கும் அவன் ஒரு படிவம் வைச்சிருப்பான்ரா."

"நீங்கள் வைச்ச மாதிரி ஆரும் கையெழுத்து வைச்சால்தானே?"

அந்த மாதத்துக்குள் வெலெஸ்குவின் கொம்பனி நகரத்தின் இன்னொரு கழகத்தைப் பிடித்தது. தனோஜனும் இன்னும் ஏழு பேரும் அங்கே போனார்கள். சீசன் முடியும்வரை கிருசாந்தி மைதானத்துக்கு வரவேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. சபாரத்தினம் அதைப் போனில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னார். தேநீர் குடிக்கவில்லை.

கூட்டம் முடிந்த நான்காம் நாளே பிரதாபன் சமையலறையில் வெடித்தான்.

"கலியாணம் கட்டி எட்டு வருஷம்! ஒரு சொல்லுச் சொன்னனீரோ எனக்கு? சபைக்கு முன்னால, அந்தக் கள்ளன்ரை வாயால நான் கேக்கவேணும்?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்? காருக்குள்ள என்ன கேட்டனீங்கள்? எழுத்தில ஏதும் இருக்கோ எண்டுதானே? இருந்தது! நான் எழுதினதுதான் இருந்தது!" கையிலிருந்த கோப்பையைத் தொட்டிக்குள் எறிந்தாள். அது உடைந்தது. "அவனிலை எவ்வளவு ஆத்திரம் எண்டு நினைக்கிறியள்? அதைவிடக் கூட எனக்கு என்னிலைதான்."

அவன் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினான். "அந்தப் பெடியன்ரை வழக்கைத் திரும்ப எடுக்க ஏலாதோ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அவளிடம் ஒன்பது வருடங்களாக இருந்தது. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது அவளுக்கு. அதற்கும் தன்மேல் கோபம் வந்தது.

மிஹாயின் வழக்குக்காக நான்கு பக்க வாக்குமூலம் எழுதினாள். முதல் படிவத்தில் தான் எழுதியது, இரண்டாவதை யார் அடித்தது, அறையில் என்ன சொல்லப்பட்டது, தான் மிஹாயிடம் சொன்னது, எல்லாம். சனிக்கிழமை காலை இருவரும் பாபடோயிட்டோய் நூலகத்துக்குப் போனார்கள். அங்கே மூலையில் ஒரு மேசையில் சமாதான நீதவான் ஒருவர் இலவசமாகப் பத்திரங்களுக்குச் சாட்சி வைப்பார். வாடகை ஒப்பந்தம், கடவுச்சீட்டு நகல் என்று பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்தபோது அந்தப் பஞ்சாபி முதியவர் பக்கங்களைப் புரட்டி, "இதில் உள்ளது எல்லாம் உண்மையா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். உண்மை என்றாள்.

அதை மிஹாய்க்கு அனுப்பிய பதினொரு நாளுக்குப் பிறகு, ஒனிஹங்காவில் அவள் வேலை செய்யும் கிளினிக்கில், இரண்டு நோயாளிகளுக்கு இடையில் மிஹாயின் செய்தி வந்தது.

"கிடைத்தது. வழக்கை மறுபடி திறக்கக் கேட்கலாம் என்கிறார் வழக்கறிஞர். ஒக்டோபரில் நீ வீடியோவில் சாட்சி சொல்லவேண்டும். அவனும் இருப்பான். நான் உன்னை மன்னிக்கவில்லை."

வருவேன் என்று பதில் எழுதிவிட்டு, வெளியே போய் அடுத்த நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.