வண்டிக்குப் பதில் வந்த சான்றிதழ்

"உங்கப்பாவுக்குப் போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு, நானே கேக்குறேன்," என்றாள் சுந்தராம்பாள், தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலேயே.

மருமகள் கலைமதி போனைக் கையில் எடுத்தாளே தவிர எண்ணைத் தொடவில்லை. மகன் ஜீவானந்தம் தோசையை விண்டுகொண்டிருந்தான். இரண்டு பெண்களில் யாரையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரவல் வாங்கிய இட்லிப் பானையைத் திருப்பித் தர வந்த எதிர்வீட்டு சரோஜா, பானையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை போலும்.

ஒரகடம் பக்கம் இப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் நாகரிகமானவர்கள். வரதட்சணை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே" என்பார்கள். ஜீவானந்தத்துக்கு அப்படிச் செய்ய வேண்டியிருந்தது ஒரு கார். கலைமதியின் அப்பா கன்னியப்பனால் அது ஆகவில்லை. பேச்சு முறியவிருந்த நேரத்தில்தான் தரகர் கலைமதியின் சான்றிதழைப் பற்றிப் பேச்செடுத்தார்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, பஸ்ஸில் நின்றபடி படித்து, ஒருமுறை தோற்று மறுபடி எழுதி அவள் வாங்கியது அது. கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழையாமல் காக்கத் தெரிந்தவள் என்பதற்கு வெளிநாட்டுக்காரனும் ஒத்துக்கொள்ளும் அத்தாட்சி. இது இருந்தால் பெரிய கம்பெனிகள் கூப்பிட்டு நாற்காலி போடும் என்றார் தரகர். சுந்தராம்பாள் கணக்குத் தெரிந்தவள். கார் ஒருமுறை வரும், சம்பளம் மாதாமாதம் வரும். நிச்சயத் தட்டில் பழம், புடவை, பூவோடு கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் வந்தது. தெருவே கூடிப் பார்த்தது. இன்னதென்று ஒருவருக்கும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினோம்.

தூரம் என்று அம்பத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தாள் கலைமதி. இங்கே இன்டர்வியூக்கள் நன்றாகத்தான் போயின. சிரித்த முகமாக அனுப்பி வைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது.

"வர்றவங்க போறவங்க பாக்க நடு வூட்ல மாட்டி வெச்சிகீறேன். ஒரு கம்பெனிக்காரன் கூப்புட்டானா? வெறும் காயிதத்தக் காட்டி ஏமாத்திட்டாரு உங்கப்பா. காயிதத்த அவரையே வெச்சிக்கச் சொல்லு, வண்டிய வாங்கி வுடச் சொல்லு!"

"நீங்களாவது சொல்லுங்களேன்," என்றாள் கலைமதி கணவனிடம்.

"அம்மா சொல்றதுல இன்னா தப்பு? கேட்டுதான் பாரேன்," என்றான் அவன் சட்னியிடம்.

கலைமதி அப்பாவுக்குப் போடவில்லை. கடைசியாக இன்டர்வியூ போய்வந்த கம்பெனிக்குப் போட்டாள். மாமியார் உத்தரவுப்படி ஸ்பீக்கரில்.

"கலைமதியா?" என்றது ஒரு பெண்குரல். "நீங்கதான் வர முடியாதுன்னு மெயில் போட்டீங்களே மேடம்! போன் பண்ண வேணாம்னும் எழுதியிருந்தீங்க. அந்த சர்டிபிகேட் வெச்சிருக்கவங்க கிடைக்கலன்னு சம்பளத்தக்கூட ஏத்தி மறுபடி கேட்டோம். அதுக்கும் குடும்பச் சூழ்நிலைன்னுட்டீங்க."

அவள் மெயில் பாஸ்வேர்டு தெரிந்த ஆள் உலகத்தில் இன்னொருவன்தான். கல்யாணமான புதிதில், "புருஷன் பொஞ்சாதிக்குள்ள இன்னா பூட்டு வேண்டிக் கீது?" என்று மாமியார் சட்டம் போட்டபோது, தன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். யாருக்கும் சொல்லக்கூடாது என்பது அவள் படிப்பின் முதல் பாடம். பரீட்சையில் அதற்குச் சரியாகத்தான் விடை போட்டிருந்தாள்.

"நீங்களா?"

"இல்ல கலை... வேலைக்கு வந்த மெயிலுக்கு நான்தான் பதில் போட்டு அழிச்சிட்டேன். அந்தக் கம்பெனி எங்க கம்பெனிக்கு எதிர்லயே கீது. எங்கூட லைன்ல வேல பாக்குற பசங்க இப்பவே கலாய்க்கிறானுங்க. 'ஜீவா, உன் பொண்டாட்டி சம்பளம் வந்துச்சுன்னா நீ ஓ.டி. பாக்கத் தேவயில்ல, வூட்ல சோறாக்கு'ன்னு."

"அத்தை என் சர்டிபிகேட்ட வெறும் காயிதம்னு சொல்லச் சொல்ல, பக்கத்துல உக்காந்து துன்னுகினு இருந்தீங்க. இப்ப வண்டியும் கேக்கச் சொன்னீங்க."



சுந்தராம்பாள் மகனை முறைத்தாள். ஒரு நொடி அவளுக்கு நியாயம் தட்டுப்பட்டது; சரோஜா இதைச் சத்தியம் செய்து சொல்வாள். பிறகு கரண்டி திசை மாறியது.

"ஆம்பள, அவனுக்கு மனசு கஷ்டமா இருக்காதா? அவனுக்குப் புடிக்கலன்னா அந்த வேல வாணாம். அப்ப வண்டிதான முறை? போடும்மா அப்பாவுக்கு."

"ஹலோ, மேடம், இருக்கீங்களா?" என்றது போன்.

மெயிலில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்னால், காவலுக்கு வருகிறவள் தன் வீட்டுச் சாவியையே கொடுத்தவள் என்று தெரிந்துபோகும். சான்றிதழுக்கு அங்கேயும் மதிப்பிருக்காது.

"இருக்கேன் மேடம். அந்த மெயில போட்டது என் வீட்டுக்காரர். பாஸ்வேர்ட நான்தான் குடுத்தேன். இந்த வேலைக்கு வர்றவ செய்யக்கூடாத தப்பு. வேலை உண்டோ இல்லையோ, உங்க மேனேஜர்கிட்ட நானே நேர்ல சொல்லணும்."

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ கேட்பது கேட்டது. பிறகு, "காலைல வாங்க. அவர் கேப்பாரு. நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது."

போனை வைத்த கையோடு, நின்ற இடத்திலேயே பாஸ்வேர்டை மாற்றினாள்.

"இன்னா வெச்ச?" என்றான் ஜீவானந்தம்.

"சொல்ல மாட்டேன்."

"புருஷன் கேக்குறான்டி!" என்றாள் சுந்தராம்பாள்.

"அதனாலதான் சொல்லல, அத்தை."

சரோஜா பானையை வைத்துவிட்டுப் பறந்தாள். தெருக்குழாயில் தீர்ப்பு எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. "புருஷன் வாய் வுட்டுக் கேட்டும் சொல்லலியாமே!" "நல்ல பொம்பளைக்கு எதுக்குடி பூட்டு?" டீக்கடையில் ஜீவானந்தத்துக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள், இழவு விழுந்த வீட்டுக்காரனுக்குக் கொடுப்பதுபோல. அவன் அடுத்தவர் பெயரில் கடிதம் எழுதியதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. கன்னியப்பனுக்குச் சம்பந்தியே போன் போட்டு, பெண் வளர்த்த லட்சணத்தையும் வண்டியையும் சேர்த்துக் கேட்டாள்.

மறுநாள் காலை கலைமதி பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது குழாயடி கப்சிப்பென்று ஆனது. சரோஜாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா கலை, கட்னவனுக்குக்கூடக் காட்டாம அப்படி இன்னாதான் ஒளிச்சி வெச்சிகீற?"

கலைமதி நின்று அவளைப் பார்த்தாள்.

"என் வேலையதாங்க்கா," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.