மடித்து வைத்த பக்கம்

மண்டபத்துக்குள் நுழைந்ததும் உடையப்பன் முதலில் தேடியது ஜன்னலைத்தான். வந்தவர்களெல்லாம் டீ எங்கே, பொங்கல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்க, இந்த மனுசன் மட்டும் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தான். கிழக்கே ஒரு ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய் அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களைத் திட்டுகிற அப்பா, இங்கே வந்து அதே வேலையைச் செய்கிறாரே என்று இலக்கியா சிரித்தாள்.

அன்னவாசல் வாசகர் வட்டம் நடத்துகிற பகல் முழுக்க வாசிப்பு அது. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ ஒருத்தரும், பிள்ளை ஒருத்தரும் ஜோடியாக வரவேண்டும். பேச்சு இல்லை, செல்போன் இல்லை. மணிக்கொரு தரம் நூலகர் ராஜலட்சுமி மணி அடிப்பார். எல்லார் பேரையும் எழுதிப் போட்ட எவர்சில்வர் குடத்துக்குள் ஒரு சின்னப் பிள்ளை கையை விட்டுச் சீட்டு எடுக்கும். யார் பேர் வருகிறதோ அவர் எழுந்து, தான் படித்துக்கொண்டிருக்கிற பக்கத்தை ஊர் கேட்க வாசிக்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கிற இலக்கியாவுக்கு இதில் கலந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இந்தத் தடவை அப்பாவைக் கேட்காமலே ரெண்டு பேர் பேரையும் கொடுத்துவிட்டாள்.

கேட்டிருந்தால் அவன் ஆயிரம் சாக்கு சொல்லியிருப்பான். ஏனென்றால் உடையப்பனுக்குக் கண் தெரியவில்லை.

ஒரேயடியாக இருட்டு என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை வியாதி கண்ணுக்கு ஏறிவிட்டது. வலது கண்ணில் எந்நேரமும் பனிமூட்டம். இடது கண்ணில் நட்டநடுவே ஒரு கறுப்புத் திட்டு. எதை நேராகப் பார்க்கிறானோ அதை அந்தத் திட்டு விழுங்கிவிடும்; ஓரம் மட்டும் மிஞ்சும். எதிரே வருகிறவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொடாதீங்க, உடனே வைத்தியத்துக்கு வாங்க என்று புதுக்கோட்டையில் கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஐயா என்ன செய்தார் தெரியுமா? நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, நேரே போய் மினி பஸ்ஸை எடுத்தார். வீட்டில் பெண்டாட்டி செவந்தியிடம்கூட மூச்சு விடவில்லை.

புதுக்கோட்டைக்கும் அன்னவாசலுக்கும் நடுவே அந்த மினி பஸ்ஸை அவன் ஓட்டாத நாள் கிடையாது. எந்த வளைவில் ஒடிக்க வேண்டும், எங்கே ஸ்பீடு பிரேக்கர், எந்த ஸ்டாப்பில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று முன்னால் ஜம்பமாகச் சொல்வான். இப்போது கிட்டத்தட்ட அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சரி, ரோடு மனப்பாடம். ரோட்டுக்கு வருகிற உயிர்களுமா மனப்பாடம்? இதை அவனிடம் கேட்க ஆள் இல்லை, விசயம் தெரிந்தால்தானே கேட்பார்கள். டிரைவர் வேலை போனால் குடும்பம் என்ன ஆகும், தான் யார் என்ற பயம் அவன் வாயைத் தைத்துவிட்டது.

போன மாதம் சித்தன்னவாசலுக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஓர் ஆடு வண்டியில் அடிபட்டுச் செத்தது. ஆட்டுக்காரர் பஸ்ஸை மறித்துச் சண்டைக்கு வந்தார். குறுக்கே பாய்ந்தால் யார்தான் என்ன செய்ய முடியும் என்றான் உடையப்பன். கண்டக்டர் திருப்பதி பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன், ஒன்றையும் பார்க்காதவன். ஆனாலும் அண்ணன் சொன்னால் அது சரிதான் என்று, ஆடு பாய்ந்ததைத் தன் கண்ணால் கண்டதாக அடித்துப் பேசி அவரை அனுப்பிவைத்தான். அன்றைக்கு ராத்திரி உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல முதல் டிரிப்பை எடுத்தான்.

இப்போது இந்தக் குடம் வந்து வாய்த்தது. கடலோரத்து ஊர் ஒன்றைப் பற்றிய நாவலை இலக்கியா கொண்டுவந்திருந்தாள். அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, ரெண்டு பிரதி. உடையப்பன் முந்தின நாள் சாயங்காலமே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு தாயி, ஒன் பேரு வந்தா தடுமாறக் கூடாதுல்ல என்றான். பிள்ளை நம்பி வாசித்தது. இன்னொரு தடவை என்றான், மறுபடியும் என்றான். கரைக்குத் திரும்பாத படகுக்காக ஒரு பொம்பளை மணலில் காத்திருக்கிற இடம் அது. அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போக எழுந்திருக்கிற வரைக்கும் அவனுக்கு நெட்டுருவாகிவிட்டது. சமையலுக்குப் போகிற அவசரத்தில் இலக்கியா அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்தாள். மடிப்பை அவன் கட்டை விரல் தடவிக் குறித்துக்கொண்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் காலையில் அது மறைந்துதான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக்கொண்டான். பக்கத்திலிருந்த இலக்கியா ஒரு தாளைத் திருப்பினால், கொஞ்சம் விட்டு இவனும் ஒரு தாளைத் திருப்புவான். மணி அடித்ததும் விரல் தானாக மடிப்புக்கு ஓடிவிடும். சீட்டு எடுக்கிற பிள்ளை கையைக் குடத்துக்குள் விட்டுத் துழாவுகிற அந்தச் சின்ன நேரத்தில் அவன் மடிப்பை விட்டு விரலை எடுக்க மாட்டான். வேறு யார் பேரோ வரும். அப்பாடா என்று மறுபடி தாளைப் புரட்டத் தொடங்குவான்.

பத்து மணி வாக்கில் இலுப்பூர்க்காரர் ஒருத்தர் பேர் வந்தது. மனுசன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்பி நிறுத்தினால் எந்த வரி என்று தெரியாமல் முழித்தார். மண்டபமே சிரித்தது. ராஜலட்சுமி சிரித்துக்கொண்டே, இனிமேல் யார் மேலாவது சந்தேகம் வந்தால் பக்கத்தை நானே விரித்துக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். உடையப்பன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவர் மண்டபத்துக்குள் நடக்கிற செருப்புச் சத்தம் எங்கிட்டுப் போகிறது, எங்கிட்டு வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் லெமன் சாதம் தின்றபோது வானம் மூடிக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லியா வரும். ஜன்னல் வெளிச்சம் செத்துப்போய், ட்யூப்லைட்டுக்குக் கீழே புத்தகம் அவனுக்கு வெறும் சாம்பல் பலகையாகிவிட்டது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று அப்போதுதான் உறைத்தது. வாசிப்பு முடிந்ததும் சித்தன்னவாசல் பக்கத்துப் பிள்ளைகளை வீடு சேர்க்கும் ஸ்பெஷல் டிரிப் அவனுடையது. பகல் டிரிப்பெல்லாம் மாற்று டிரைவர் செம்மல் பார்த்துக்கொள்வான். சாயங்காலம் வண்டியை மண்டப வாசலில் விட்டுவிட்டு அவன் கடைவீதிக்குப் போய்விடுவான். இருட்டு, மழை, வண்டி நிறையப் பிள்ளைகள். நம்ம ரோடுதானே என்று உடையப்பன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மூணு மணிச் சீட்டில் இலக்கியா பேர் வந்தது. எழுந்து நின்று கணீரென்று வாசித்தாள். வாசித்து முடித்து அப்பாவைத்தான் முதலில் பார்த்திருப்பாள். அவனும் நிமிர்ந்து பார்த்தான். ஒரு தோளும், சடையும், பச்சைத் தாவணியின் ஓரமும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் திட்டு நின்றது. பெற்ற பிள்ளையின் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அப்போதாவது வாயைத் திறந்து அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். நல்லா வாசிச்சே தாயி என்று மட்டும் சைகையில் காட்டினான்.

கடைசி மணி அடித்தது. இந்த ஒரு சீட்டு தாண்டினால் பிழைத்தான். குடத்துக்குள் கை போனது, வந்தது. ராஜலட்சுமி சீட்டைப் பிரித்து, உடையப்பன், சித்தன்னவாசல் மினி பஸ் டிரைவர் என்று வாசித்தார். பஸ்ஸில் தினம் வருகிற பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

எழுந்தான். கால் மரத்திருந்தது. மடிப்பைத் தடவி விரித்து, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான். விடிந்தும் அந்தப் படகு கரைக்கு வரவில்லை என்று தொடங்கினான். அப்புறம் அவனுக்கே ஆச்சரியம், சொற்கள் தாமாக வந்தன. வந்து சேர்ந்த படகுகளிலிருந்து மீனை இறக்குகிறார்கள், ஏலம் போடுகிறார்கள், அவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அடுத்தவளின் புருசனிடம் அவள் கேட்கிறாள், அவன் வலையை உதறிக்கொண்டே வேறெங்கோ பார்க்கிறான். உடையப்பன் குரல் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. மழைச் சத்தத்தையும் மீறி மண்டபம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள் என்பது வரைக்கும் ஒரு பிசிறு இல்லாமல் சொல்லி முடித்தான்.

கைதட்டல் ஓய வெகுநேரமானது. இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டு இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்தீங்க என்று ராஜலட்சுமி கேட்டார். உடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தப்பித்த சந்தோசம் வேறு. உட்கார்ந்ததும் மகள் பக்கம் திரும்பினான். அவள் கைதட்டிய சத்தம் மட்டும் வரவில்லை. அவன் கையிலிருந்த புத்தகத்தை இலக்கியா மெதுவாக வாங்கினாள், அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மழை கொட்டுகிறது, பொழுது இருட்டிவிட்டது. திருப்பதி பிள்ளைகளை எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தான். சிலரோடு அப்பா அம்மாக்களும் இருந்தார்கள். உடையப்பன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். இன்ஜினைக் கிளப்பி வைப்பரைப் போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிர் லைட்டுகள் பஞ்சு பஞ்சாகத் தெரிந்தன. இலக்கியா வந்து இன்ஜின் பானெட்டை ஒட்டி உட்கார்ந்தாள். சின்ன வயசிலிருந்து அவள் இடம் அது.

"நீங்க பக்கத்தத் திருப்பவே இல்லயேப்பா" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவனுக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். அந்தப் பொம்பளை அடுத்தவளின் புருசனிடம் கேட்கிற இடத்தோடு அந்தப் பக்கம் முடிகிறது. மிச்சமெல்லாம் தாளின் பின்பக்கம் இருக்கிறது. அவன் தாளைத் திருப்பாமலே பின்பக்கத்தையும் வாசித்துவிட்டான்.

உடையப்பனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. எத்தனையோ யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. பிள்ளை வாசித்ததைக் காதால் வாங்கினானே தவிர, அவள் எங்கே தாளைத் திருப்பினாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கதை அவ்வளவு பிடித்துப்போச்சு, மனப்பாடமாயிருச்சு என்று சமாளித்தான். இலக்கியா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். கையில் அகப்பட்ட ஏதோ ஒரு பக்கத்தை விரித்து, ஸ்டியரிங்கின் மேல் வைத்து, தலைக்கு மேலிருந்த லைட்டைப் போட்டாள்.

"ஒரே ஒரு வரி வாசிங்கப்பா. வாசிச்சுட்டு வண்டிய எடுங்க."

கோபம் வந்தது அவனுக்கு. மழையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாட்டா, எட்டப் போ என்று அதட்டினான். அவள் அசையவில்லை. அவள் கை புத்தகத்தை அழுத்திப் பிடித்திருந்தது. நேராகப் பார்க்காததால் அந்தக் கை அவனுக்குத் தெரிந்தது. குனிந்தான். புத்தகத்தை அங்கிட்டும் இங்கிட்டும் சாய்த்தான். ஓரத்தில் ஏதோ ரெண்டு எழுத்து தட்டுப்பட்டது, பார்க்கப் போனால் அதையும் திட்டு விழுங்கியது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். அத்தனை பேரும் சித்தன்னவாசல் விலக்கைத் தாண்டி இறங்க வேண்டியவர்கள். திருப்பதி ரைட் என்று விசில் கொடுத்தான்.

உடையப்பன் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினான். சாவியை உருவி மகளின் கையில் வைத்தான்.

என்னண்ணே என்று திருப்பதி ஓடி வந்தான். செம்மலைக் கூப்பிடு, நான் ஓட்டல என்றான் உடையப்பன். திருப்பதி அவன் முகத்தைப் பார்த்தான், இலக்கியா அழுவதைப் பார்த்தான். பாவம், அவனுக்கு விசுவாசம் தவிர வேறொன்றும் தெரியாது. உடனே செம்மலுக்குப் போன் போட்டு, அண்ணனுக்கு லேசாகக் காய்ச்சல், ஒரு டிரிப் மட்டும் எடுத்துவிட்டுப் போ என்றான்.

காய்ச்சல். எவ்வளவு சுலபம். நாளைக்குக் காய்ச்சல் விட்டுவிடும், முதல் டிரிப்புக்கு வழக்கம்போல வரலாம். திருப்பதி வாயாலேயே ஒரு வழி திறந்து கிடந்தது. உடையப்பன் அந்த வழியை ஒரு கணம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், இல்லையென்று சொன்னால் பொய். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"செம்மலு, காய்ச்சல் இல்லப்பா. எனக்குக் கண்ணு தெரியல. நாளைக்கும் நீதான் ஓட்டணும்."

பாட்டு நின்றுவிட்டது. முன் சீட்டிலிருந்த ஓர் அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். உடையப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தான். திருப்பதி வாங்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த ஆடு குறுக்க பாயல திருப்பதி" என்றான் உடையப்பன். "நடு ரோட்டுல சும்மா நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஏறி எறங்குன பெறகுதான் எனக்கு ஆடுன்னே தெரியும்."