ஏரோதின் கழுத்து

குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜாவைத் தெருவின் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ரோச்தான் செய்தான். தலைக்குள் பழைய டேபிள் ஃபேன் மோட்டார், கண்களில் பல்பு. ராஜா இரண்டு பக்கமும் திரும்பி முழிப்பான். முகம் மட்டும் அச்சு அசல் இனிகோ, ரோச்சின் தங்கை பிளாரன்ஸின் புருஷன்.

தற்செயல் இல்லை, வேண்டுமென்றேதான் செய்தான். இனிகோ மிதித்த மிதியில்தான் பிளாரன்ஸின் முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்தது. போன வருஷம், 1973 கிறிஸ்துமஸில், தெருவே சிரித்ததும் இனிகோ வந்து ராஜாவின் தலையைப் பிடுங்கி உடைத்தான். ரோச்சின் கைவிரல் இரண்டை உடைத்தான்.

இந்த வருஷமும் அதே முகம். தூக்கிப் போக வசதியாகத் தலை தனியே கழலும். கழுத்தில் ரேடியோ வால்வின் எட்டுமுள் பிளக். கரண்ட் வரும் பக்கம் ஓட்டை, வாங்கும் பக்கம் முள் என்பது துறைமுகத்தில் வயரிங் பார்க்கும் ரோச்சுக்குத் தெரியாதா? தெரிந்தே மாற்றி வைத்தான். தலையைப் பிடுங்கினால் உடம்பில் முள் கரண்டோடு நிற்கும். சாகட்டும் சனியன் என்றிருந்தான்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம், கடலிலிருந்து கரையேறிய ஈரக் கைலியோடு, நிறை போதையில் இனிகோ வந்தான். துடுப்பால் ரோச்சின் வாயில் ஒன்று போட்டான். பல் தெறித்தது. மெயின் சுவிட்சுக்குக் கீழே ரத்தம் துப்பிக்கொண்டு கிடந்த ரோச்சுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எம் மூஞ்சிய வச்சா பிள்ளயக் கொல்லுத?" என்று இனிகோ ஏரோதின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

அப்போது பிளாரன்ஸ் ஓடிவந்தாள், ஏழு மாத வயிற்றோடு. புருஷனின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள்.

"ஏளா, அவன விடு," என்று ரோச் கத்தினான்.

புருஷனை அடிக்கத்தான் விடச் சொல்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் இறுக்கினாள். கழுத்து மளுக்கென்றது. ரோச் எம்பி மெயினை இழுத்துவிட்டான். குடில் முழுக்க விளக்கு அணைந்தது. தலை கையோடு வந்தது. இனிகோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவளை உதறிவிட்டு வந்தவன், அந்தத் தலையாலேயே ரோச்சின் முகத்தில் அடித்தான். பிளாரன்ஸ் விழாமலிருக்க, தலையில்லாத ராஜாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லைட்டைப் போடுங்கலே என்று கூட்டத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். முகத்தை மறைக்க ரோச்சுக்கு ஒரு கை போதவில்லை. மெயினைப் பிடித்திருந்த மற்றக் கையை அவன் எடுக்கவில்லை.