ஆமென், போலாம் ரைட்!

நின்ற பேருந்தை ஒரே ஒரு ஜெபத்தால் கிளப்பி, அதன் நடத்துநரை நாலு கிலோமீட்டர் பின்னால் ஓடவிட்ட குடும்பம் எங்களுடையது. சிரிக்காதீர்கள். நானே முப்பத்தாறு வருடம் நடத்துநராக விசில் ஊதியவன். பேருந்து விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். மற்றதில் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான்.

என் மகள் செவிலியர். பிறந்த குழந்தைகள் வார்டுக்காக ஆறு வருடம் காத்திருந்தாள். கிடைத்தது, ஆனால் மாலைப் பணி. தினமும் மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபிப்பவள் அவள்தான். மருமகன் வீடு திரும்ப எட்டாகும்.

"ரெண்டு வாரம் பாக்கறேன்ப்பா. பிள்ளைங்க ஜெபம் நின்னுபோச்சுன்னா இந்த வார்டே வேண்டாம், பழைய டூட்டிக்குப் போயிடறேன்" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்தட்டினேன்.

"சும்மா இருக்கீங்க" என்றார் சம்பந்தி. மருமகனின் அப்பா. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசில் வைக்காத எதையும் நம்ப மாட்டார்.

முதல் மூன்று நாள் அவர் வாய்தான் பலித்தது. நான் கண்ணை மூடினால் போதும், ஏழு வயதுப் பேத்தி கீச்சிக்குத் தாகம் எடுக்கும். ஐந்து வயதுப் பேரன் தொப்பைக்கு ஒன்னுக்கு வரும். என் ஜெபமும் லேசுப்பட்டதல்ல. ஆதாமில் கிளம்பினால் எங்கள் தெருவுக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம். சோபா கூடக் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன்.

நான்காம் நாள் கீச்சி கேட்டாள்: "தாத்தா, உங்க ஜெபம் எந்த ஸ்டாப்புலயும் நிக்காதா? நாங்க எங்க ஏறறது?"

சுருக்கென்றது. "அப்ப நீயே ஓட்டு, தாயே."

"நான் இல்ல, இயேசப்பா ஓட்டுவாரு." சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டாள். முன் நாற்காலி அவருக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் ஏறுவார். ஏறுகிறவருக்காக ஒரு வரி ஜெபம். அம்மா ஏறினாள். பல்வலி டீச்சர் ஏறினார். தையற்காரரின் நொண்டி நாய்க்கு ஜன்னல் ஓரம் வேண்டுமென்று தொப்பை மன்றாடினான். எல்லோரும் ஏறியதும், என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட நடத்துநர் குரலில் இருவரும் ஒரே கத்து: "ஆமென், போலாம் ரைட்!"

"கர்த்தரையே டிரைவராக்கிட்டீங்களே, சம்பந்தி!" என்றார் எடை ஆய்வாளர்.

"வேற யாரை நம்பி வண்டியக் குடுக்கறது? உங்களையா?"

"இது வெறும் விளையாட்டு. நாற்காலியும் நீங்களும் இல்லேன்னா ரெண்டும் மறந்துடும். எழுதி வச்சுக்கங்க."

பதினான்காம் நாள் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு நால்வரும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு நிறுத்தத்தில் நேரக் காப்பாளர் அறையில் நேரம் பதிய நடத்துநர் இறங்கினார். மணி ஆறு.

சம்பந்தி என் தொடையைக் கிள்ளினார். "வாயத் தொறந்தீங்க, பாத்துக்கங்க. தானா பண்றாங்களான்னு பாப்போம்."

பிறந்ததிலிருந்து நான் வாயை மூடியிருந்தது அந்த மூன்று நிமிடம்தான். மகளின் வார்டே அதில்தான் தொங்கியது.

கீச்சி ஜன்னல் வழியாக அந்த அறையின் கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பியின் முழங்கையை இடித்தாள். இருவரும் கண்ணை மூடினார்கள்.

"இயேசப்பா, அம்மா வார்டுல அழுவுற பாப்பாங்கள ஏத்திக்கங்க" என்றான் தொப்பை.

"டிரைவர் மாமாவுக்கு முதுகு வலிக்கக் கூடாது" என்றாள் கீச்சி.

முன்னிருக்கைப் பெண்மணி திரும்பினார். "கண்ணு, என் மருமகளுக்கு நாளைக்கு ஆபரேஷன். அவளையும் ஏத்திக்கடா."

"ஏறிக்கச் சொல்லுங்க ஆன்ட்டி, எடம் இருக்கு."

பின்னாலிருந்து ஒருவர் தன் தம்பியை ஏற்றினார். இன்னொருவர் காணாமல் போன பூனையை. கடைசியில் கீச்சி மூச்சை இழுத்து, "ஆமென், போலாம் ரைட்!" என்று என் குரலிலேயே முழங்கினாள்.

ஓட்டுநருக்குப் பழக்க தோஷம். கியரைப் போட்டார், வண்டி புறப்பட்டது. நடத்துநர் விசிலும் கையுமாகப் பின்னால் ஓடிவந்தார். பேருந்தே குலுங்கிச் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளின் அழைப்பு. நடந்ததை, துளியும் கூட்டாமல், நாலு கிலோமீட்டர் உட்படச் சொன்னேன்.

"அப்பா, அளக்காதீங்க. நெஜமாவே ஜெபிச்சாங்களா, இல்லையா? எந்த டூட்டின்னு நாளைக்கு எழுதிக் குடுக்கணும்."

சம்பந்தி கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, நாலு கிலோமீட்டர் இல்ல. நாப்பது அடி. நானே கண்ணால அளந்தேன்." பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். "மத்ததெல்லாம் நடந்ததும்மா. யாரும் சொல்லல, தானாத்தான் கண்ண மூடினாங்க. நீ அந்த வார்டுலயே இரு."