அக்கறைத் தேர்வில் பூஜ்யம்

கார் விபத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. ஆனாலும் பதிப்பகத்தில் அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது. பல்லில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு, விசைகளைத் தட்டித் தட்டியே போன வருடம் முப்பது புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துத் தள்ளியவர். அப்பேர்ப்பட்டவர், ஊழியர்களுக்கான இணையப் பயிற்சி ஒன்றில் மூன்று முறை மண்ணைக் கவ்வினார். பயிற்சியின் பெயர், ‘யாரையும் விட்டுவிடாத அலுவலகம்’.

திரையில் ஒரு படிக்கட்டு, பக்கத்தில் ஒரு சாய்தளம். மவுஸை அழுத்திப் பிடித்தபடியே சாய்தளத்தை இழுத்துவந்து படிக்கட்டின் மேல் வைக்க வேண்டும். இருபது நொடிதான் நேரம். குச்சியால் அழுத்தினால் நகர்த்த முடியவில்லை. நகர்த்தினால் பிடி விட்டுப்போனது. மூன்றாம் முறையும் மணி அடித்தது. ‘சக்கர நாற்காலியில் வருபவர்மீது உங்களுக்கு அக்கறை போதவில்லை’ என்று திரை கடிந்துகொண்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“நான் இழுத்து விட்டுடறேன்க்கா, ரெண்டு நிமிஷ வேலை” என்றாள் வீட்டில் உடனிருந்த தங்கை.

“அப்புறம் அக்கறை உனக்குத்தான் இருக்குன்னு ஆகிடும். விடு.”

மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் பெருந்தன்மையோடு வந்து நின்றார். “உங்களுக்கு மட்டும் விலக்கு குடுத்துடறேன்மா. சான்றிதழும் உண்டு.”

“யாரையும் விட மாட்டோம்னு பேரு வெச்சுட்டு என்னை விட்டுடறீங்களா சார்? இதைச் செஞ்சவரை வரச் சொல்லுங்க.”

பயிற்சியை வடிவமைத்தவர் மடிக்கணினியும் மலர்ந்த முகமுமாக வந்தார். “எல்லாரையும் வெச்சு சோதிச்சுட்டோம் மேடம். ஒரு குறை வரலை.”

“எல்லாரும்னா?”

“எங்க டீம். பன்னெண்டு பேர்.”

“பன்னெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு கை?”

வடிவமைப்பாளர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“கையைப் பின்னால கட்டிக்குங்க. இந்தப் பென்சிலைக் கவ்விக்கிட்டு நீங்களே செஞ்சு காட்டுங்க.”

அதற்குள் மொத்த மாடியும் கூடிவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. குனிந்தார். மவுஸ் வழுக்கியது, பென்சில் நழுவியது, எச்சில் மோவாயில் வழிந்தது. சாய்தளம் பாதிவழியில் நிற்க, மணி அடித்தது. அவருக்கும் அக்கறை போதவில்லை. மேலாளர் சிரிக்க ஆரம்பித்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

“இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு” என்றார் அந்தப் பெண், சிரிக்காமல்.

மூன்றாவது மணிக்குப் பிறகு வடிவமைப்பாளர் பிடித்துக்கொண்ட கழுத்தைத் தடவியபடி நிமிர்ந்தார். “விசைப்பலகையாலேயே செய்யற மாதிரி மாத்திடறேன். நேரக் கெடுவையும் எடுத்துடறேன்” என்றார்.

சொன்னபடியே பத்து நாளில் மாற்றினார். அந்தப் பெண் அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டிச் சாய்தளத்தை ஏற்றிவைத்து, முழு மதிப்பெண் வாங்கினார்.

அடுத்த மாதம் பதிப்பகத்தின் செய்திமடல் மெய்ப்புக்கு வந்தது. ‘பயிற்சியின் குறையை வடிவமைப்பாளர் தாமே உணர்ந்து நீக்கினார்’ என்று அதில் ஒரு வரி. அந்தப் பெண் ‘தாமே உணர்ந்து’ என்பதை அடித்துவிட்டு, ‘பல்லால் உணர்த்தப்பட்டு’ என்று திருத்தினார்.

மேலாளர் தாளோடு ஓடிவந்தார். “ஏம்மா, இது எழுத்துப் பிழையா?”

“இல்ல சார், தகவல் பிழை.”

திருத்தியபடியே அச்சாகி வந்தது.